டைமிங் என்ன என்றுதான் கேட்டார்கள்

2025 அக்டோபர் 30 ராத்திரி பெண்கள் உலகக்கோப்பை அரையிறுதி பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் கிரிக்கெட் பிடிக்கும் என்றெல்லாம் சொல்ல முடியாது, நான் பார்க்கிறேனே என்று பக்கத்தில் உட்கார்ந்து மறுநாளைக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தாள். நவி மும்பையில் ஆட்டம். ஆஸ்திரேலியா 338 அடித்துவிட்டது, இதை யார் துரத்துவது என்று பாதி நம்பிக்கை இல்லாமல்தான் இருந்தேன், ஆனால் ஜெமிமா ரோட்ரிக்ஸ் கடைசி வரைக்கும் அவுட் ஆகாமல் நின்று 127 ரன் அடித்து ஜெயிக்க வைத்துவிட்டார். முடிந்ததும் மைக்கை நீட்டினார்கள். அழுதுகொண்டே பேசினார். இந்தத் தொடர் முழுக்க ஏறக்குறைய தினமும் அழுதேன், மனசு சரியில்லை, பதற்றத்தில் இருந்தேன் என்றார். அப்புறம் நிருபர்களிடம் பேசியதும் வந்தது. சில ஆட்டங்களுக்கு முன்னால் அம்மாவுக்குப் போன் போட்டு அழுதுகொண்டே இருப்பேன், எல்லாம் வெளியே போகட்டும் என்று அழுவேன், பதற்றம் வந்தால் உடம்பும் மனசும் மரத்துப்போன மாதிரி ஆகிவிடும் என்று சொன்னார்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் புரியாது. அவர் என்ன சொல்கிறார் என்று நான் தமிழில் சொன்னேன். அம்மா பூ கட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"நீ ஹாஸ்டல்லேர்ந்து போன் பண்ணிட்டு ஒண்ணுமே பேசாம இருப்பியே பாப்பா, அதுவும் இதுதானா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. பதினைந்து வருஷம் கழித்து அம்மா கேட்ட கேள்வி. ஆமாம்மா, அதுவும் இதுதான் என்று சொன்னேன். அப்புறம் இரண்டு பேரும் ஒன்றரை மணி வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். அன்றைக்குப் பேசினதில் பாதியையாவது எழுதிவிட வேண்டும் என்று அப்போதிருந்தே மனசில் இருக்கிறது. நான் யாருக்கும் தெரிந்த வீராங்கனை கிடையாது. மாநில அளவில் 800 மீட்டர் ஓடினவள், இப்போது ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை, அவ்வளவுதான். ஆனால் நாளைக்குக் காலையில் நான் விசில் ஊதினால் ஓடிவரப்போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்காகவாவது எழுத வேண்டும்.

எண்ணூறு மீட்டர் ஓடினவர்களுக்குத் தெரியும், முதல் சுற்று நம்மை ஏமாற்றும். கடைசிச் சுற்றுக்கான பெல் அடிக்கிற வரைக்கும் நாம் நன்றாக ஓடுகிற மாதிரியே இருக்கும். 500 தாண்டினதும் தொடை கனக்க ஆரம்பிக்கும், 600-ல் தொண்டை எரிந்து வாயில் இரும்பு ருசி வரும், கடைசி வளைவில் கால் நம் பேச்சைக் கேட்காது. சரியாக அந்த இடத்தில்தான் சார் நின்றுகொண்டு "கையை வீசு, கையை வீசு" என்று கத்துவார். உடம்பு நிறுத்து என்று சொல்லும், கேட்கக்கூடாது. இதுதான் பயிற்சி. காலையில் ஐந்தரைக்கு ஊறவைத்த கொண்டைக்கடலையைத் தின்றுவிட்டு மண் கிரவுண்டில் சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே ஓடி ஓடி நான் ஆறு வருஷம் பழகியது அதைத்தான்: உள்ளேயிருந்து வருகிற சத்தத்தைக் கேட்காத மாதிரி இருப்பது. நான் அதில் ரொம்பத் தேறிவிட்டேன். பின்னால் எனக்கு வந்த வியாதியை நானே கண்டுகொள்ளாமல் போனதற்கு இந்தத் தேர்ச்சிதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். வலியைத் தாங்குகிறவள் என்று பெயர் எடுத்தவள் எந்த வலி தாங்க வேண்டியது, எந்த வலி சொல்ல வேண்டியது என்று எப்படிப் பிரிப்பாள்? யாரும் அதைச் சொல்லித்தரவில்லை.

நான் ஒன்பதாவது படிக்கும்போது, 2006 டிசம்பரில், தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். 2 நிமிஷம் 3.16 விநாடி. எங்கள் பக்கத்துக்காரர், புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம், செங்கல் சூளையில் வேலை பார்த்த குடும்பம். ஆணி வைத்த ஓட்டக்கார ஷூ, ஸ்பைக்ஸ், வாங்கக் காசில்லாமல் ஓடுகிற எங்களுக்கு அந்த நம்பர் சாமி படம் மாதிரி. கணக்கு நோட்டின் பின்னட்டையில் 2:03.16 என்று எழுதி வைத்திருந்தேன். சில நாள்தான். பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கிவிட்டார்கள். மருத்துவ விஷயம் ஒன்று, ஓடினவரின் காதுக்கு முழுசாகப் போய்ச் சேருவதற்கு முன்பே டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் பத்திரிகையில் அவர் ஓட்டக்காரி, அதற்கப்புறம் அவர் உடம்பைப் பற்றிய பேச்சு மட்டும்தான். எங்கள் கிரவுண்டில் பையன்கள் என்னைப் பார்த்து "நீயும் டெஸ்ட் எடுத்துட்டியா?" என்று கேட்டார்கள். எனக்கு அப்போது பதினாலு வயசு, மார்பு பெரிதாக வளரவில்லை, முடியைக் கட்டையாக வெட்டியிருந்தேன். இரண்டு வாரம் நான் கிரவுண்டுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன்.

2007-ல் சாந்தி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார் என்ற செய்தி பேப்பரில் வந்தது. 2012-ல் அவர் செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை பார்க்கிறார் என்று இன்னொரு செய்தி. அதற்குப் பிறகு அவர் எழுந்து வந்தார், பிள்ளைகளுக்கு ஓடச் சொல்லிக்கொடுத்தார், அரசுப் பயிற்சியாளராகவும் ஆனார், அது அவருடைய மன உரம். பதக்கம் மட்டும் திரும்ப வரவில்லை. தோஹாவிலிருந்து திரும்பி வந்தபோது அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எப்படி இருக்கிறாய், தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு மனநல மருத்துவரை அனுப்பியிருந்தால் என்ன என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக இருக்கிறது. பெரிய போட்டிக்கு ஆளை அனுப்பும்போது கோச் போகிறார், பிசியோ போகிறார், அதிகாரிகள் போகிறார்கள். விழுந்தால் பிடிக்க ஆள் இல்லை.

என் கதைக்கு வருகிறேன். 2009-ல் ஜூனியர் மாநிலப் போட்டியில் எனக்குத் தங்கம். 2 நிமிஷம் 14 விநாடி, என் வாழ்க்கையிலேயே நல்ல டைமிங். அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பாதி நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார், கையில் கால் கிலோ அல்வா. தெருவே வந்து பார்த்தது. ராத்திரி எல்லாரும் போனபிறகு மெடலைக் கையில் வைத்துக்கொண்டு பாயில் படுத்திருந்தேன், உள்ளே ஒன்றுமே இல்லை. சந்தோஷம் வரும் வரும் என்று காத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. வரவில்லை. காலையில் ஐந்து மணிக்கு முழிப்பு வந்தது, எழுந்திருக்க முடியவில்லை, கால் வலியால் அல்ல. எழுந்து எதற்கு என்று இருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? தங்கம் வாங்கிவிட்டு மனசு சரியில்லை என்றால் திமிர் என்பார்கள். அப்பா வாங்கிவந்த அல்வாவுக்கு என்ன பதில் சொல்வது?

துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ராவைப் பற்றி நான் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். 2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங், 10 மீட்டர் ஏர் ரைஃபிள். கடைசி குண்டுக்கு முன்னால் ஃபின்லாந்துக்காரர் ஒருவரும் இவரும் சமம், அந்த நிலையில் 10.8 புள்ளி சுட்டார். ஒலிம்பிக்ஸில் தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு முதல் தங்கம். நாடே ஆடிக்கொண்டிருந்தது. தன் வாழ்க்கையில் பெரிய மன நெருக்கடி தோற்றபோது வரவில்லை, ஜெயித்தபோதுதான் வந்தது என்று அவர் பிறகு வெளிப்படையாகவே சொன்னார். சின்ன வயசிலிருந்து ஒரே ஒரு விஷயத்துக்காக எழுந்து, ஒரே விஷயத்துக்காகச் சாப்பிட்டு, அதற்காகவே தூங்கி, ஒரு நாள் அது கைக்கு வந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அந்த இடம் காலியாக இருக்கிறது, அங்கே வைக்க வேறு எதுவும் அந்த ஆளிடம் இல்லை. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. ஒலிம்பிக் தங்கத்துக்கும் என் மாநில மெடலுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது, ஆனால் அந்தக் காலை நேரம் ஒரே மாதிரிதான் இருந்திருக்கிறது. நீச்சலில் 23 ஒலிம்பிக் தங்கம் வாங்கின மைக்கேல் ஃபெல்ப்ஸும் இதையேதான் சொல்கிறார், ஒவ்வொரு ஒலிம்பிக்ஸ் முடிந்ததும் மனச்சோர்வில் விழுந்தேன், ஒரு கட்டத்தில் உயிரோடு இருக்கவே விருப்பமில்லாமல் அறையிலேயே நாட்கணக்கில் கிடந்தேன் என்று. அவருக்கு அதுவரைக்கும் கிடைத்ததை விடவா ஒருவருக்கு வெற்றி கிடைக்கும்?

அந்தத் தங்கத்தால்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எனக்குக் காலேஜ் சீட்டு கிடைத்தது. ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டலுக்கும் காசு கிடையாது, எல்லாம் இலவசம். இதில் ஒரு விஷயம் வெளியில் இருக்கிறவர்களுக்குப் புரியாது. எங்களைப் போன்ற வீடுகளில் விளையாட்டு என்பது விளையாட்டு கிடையாது. அது சீட்டு, அது சாப்பாடு, நாளைக்கு ரயில்வேயிலோ போலீஸிலோ வரப்போகிற வேலை, தங்கச்சி கல்யாணம். டைமிங் இரண்டு விநாடி கூடினால் இத்தனையும் சேர்ந்து ஆடும். இவ்வளவு கனத்தைப் பதினெட்டு வயசுப் பெண் ஸ்பைக்ஸுக்குள் போட்டுக்கொண்டு ஓடுகிறாள், மனசைத் தைரியமாக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு எல்லாரும் கேலரியில் உட்கார்ந்திருக்கிறோம்.

2010-ல் முதலில் போனது தூக்கம். இரண்டு மணிக்கு முழிப்பு வரும், அப்புறம் விடிகிற வரைக்கும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். படுத்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடிக்கும், ஏதோ ரேஸ் ஓடப்போகிற மாதிரி. சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டும். போட்டி அன்று, ஓட்டத்துக்கு முன்னால் எங்களை உட்கார வைக்கிற அறையில் நம்பர் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது விரல் நுனியெல்லாம் மரத்துப்போகும், பக்கத்தில் இருக்கிற பெண் பேசுவது எங்கேயோ தூரத்திலிருந்து கேட்கும். ஒரு போட்டியில் 550 மீட்டரில் டிராக்கை விட்டு உள்ளே புல்வெளிக்கு நடந்து போய்விட்டேன். கால் பிடிக்கவில்லை, மூச்சு முட்டவில்லை. என் கால் என்னைக் கேட்காமல் உள்ளே போனது, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். அன்றைக்கு எனக்குப் பயிற்சி கொடுத்தவர் எல்லார் முன்னாலும் "நடிக்கிறா" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கு ரொம்ப நாள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் கெட்டவர் கிடையாது, தன் காசில் எங்களுக்கு முட்டை வாங்கிக்கொடுத்தவர். தசை கிழிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், இதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஹாஸ்டல் வாசலில் ஒரு ரூபாய் காயின் பாக்ஸ் போன் இருந்தது. தினமும் சாயங்காலம் அம்மாவுக்கு, பக்கத்து வீட்டு நம்பருக்கு, போன் போடுவேன். அம்மா "சாப்டியா" என்பாள், "ம்" என்பேன். "டைமிங் எவ்ளோ வந்துச்சு" என்று பின்னாலிருந்து அப்பா கேட்கச் சொல்வார். அதற்கப்புறம் எனக்குப் பேச்சே வராது. காசு தீர்ந்து போன் கட்டாகிற வரைக்கும் நின்றுகொண்டிருப்பேன்.

லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது அம்மா என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணு பட்டுப்போச்சு என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். தாயத்து கட்டினோம். அப்புறம் ஊரில் ஒரு டாக்டரிடம் போனோம், அவர் ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். அது பொய் இல்லை, ரத்தம் நிஜமாகவே குறைவாகத்தான் இருந்தது. எனக்கு ஐந்து மாசமாக மாதவிலக்கும் நின்றுபோயிருந்தது. ஹாஸ்டலில் நாங்கள் அதை நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தோம், போட்டி அன்று தொந்தரவு இல்லையே என்று! செலவழிக்கிற அளவுக்கு உடம்புக்குள் சாப்பாடு போகாவிட்டால் முதலில் மாதவிலக்கு நிற்கும், எலும்பு பலவீனமாகும், கூடவே மனசும் விழும். ஒலிம்பிக் கமிட்டியே 2014-ல் இதற்கு ஒரு பெயர் வைத்து, இது தனிக் கோளாறு, கவனியுங்கள் என்று சொன்னது. இதில் சிக்கல் என்னவென்றால், அளவுக்கு மீறிப் பயிற்சி செய்தாலும் தூக்கம் போகும், பசி போகும், எரிச்சல் வரும், டைமிங் விழும். மனச்சோர்விலும் அதே நான்கும் வரும். தைராய்டு கோளாறாகக்கூட இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து இதுதான் என்று எந்தக் கோச்சாலும் சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனையும் வேண்டும், மனநல மருத்துவரும் வேண்டும். ஒன்றைச் செய்துவிட்டு இன்னொன்றை விட்டால் என்னைப் போல ஒரு வருஷம் வீணாகும்.

என்னை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனது ஹாஸ்டலில் என் அறையில் இருந்த அக்கா. வாலிபால் ஆடுகிறவர். ஒரு நாள் ராத்திரி நான் மொட்டை மாடியில் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு மேலே வந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை, பக்கத்தில் வந்து நின்றார், கொஞ்ச நேரம் கழித்து, "செத்துப்போகலாம்னு தோணுதாடி?" என்று நேராகவே கேட்டார். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. எனக்கு அந்தக் கேள்வி கதவு திறந்த மாதிரி இருந்தது. ஆமாக்கா என்றேன். மறுநாள் காலையில் பிராக்டிஸுக்குப் போகாமல் இரண்டு பேரும் அரசு மருத்துவமனைக்குப் போய் வரிசையில் நின்றோம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு ஒன்று இருக்கும், அங்கே பணம் கட்ட வேண்டியதில்லை என்பதே அன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

அந்த டாக்டரம்மா முக்கால் மணி நேரம் பேசவிட்டார். மாத்திரை எழுதினார். நான் கேட்ட முதல் கேள்வி, "இதைச் சாப்பிட்டா டோப் டெஸ்ட்ல மாட்டுவேனா மேடம்?" சிரிக்காமல், பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பார்த்துச் சொன்னார். இதை இங்கே நன்றாக அழுத்தி எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பயத்தாலேயே மாத்திரையைத் தூக்கி எறிந்தவர்கள் இருக்கிறார்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரைகள் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. கவனக்குறைவுக் கோளாறுக்குக் கொடுக்கிற சில மருந்துகள் மட்டும் பட்டியலில் வரும், அதற்கும் முன்கூட்டியே மருத்துவ விலக்கு கேட்டு வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. துப்பாக்கி சுடுதல், வில்வித்தை மாதிரி ஆட்டங்களில் இருக்கிறவர்கள் படபடப்பைக் குறைக்கிற ரத்த அழுத்த மாத்திரை விஷயத்தில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், அவர்களுக்கு அது தடை. டாக்டரிடம் நான் இந்த ஆட்டம் ஆடுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பக்கத்து அறைக்காரர் சொன்னார் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எனக்கு ஆறு வாரத்தில் தூக்கம் திரும்ப வந்தது. ஓட்டம் அந்த அளவுக்கு வரவில்லை. 2:14-ஐ நான் மறுபடி தொடவேயில்லை. இதை மறைக்க விரும்பவில்லை, சிகிச்சை எடுத்துக்கொண்டால் மெடல் திரும்ப வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் உயிரோடு இருக்கிறேன், சாப்பிட்டால் ருசி தெரிகிறது, காலையில் கிரவுண்டுக்குப் போகப் பிடிக்கிறது. எனக்கு இது பெரிய விஷயம்.

அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் விலகினபோது, 2021 ஜூலை 27, எங்கள் உடற்கல்வி ஆசிரியர்கள் வாட்ஸாப் குரூப்பிலேயே பெரிய சண்டை. நாட்டுக்காக ஆடப்போனவள் பாதியில் ஓடிவரலாமா என்று ஒரு தரப்பு. நான் அன்றைக்குக் குரூப்பில் நீளமாக எழுதினேன், வழக்கமாக எதுவும் எழுத மாட்டேன். ஓடிவந்து கை ஊன்றித் தாவுகிற வால்ட்டில் இரண்டரைச் சுற்று சுற்ற வேண்டியவர் ஒன்றரைச் சுற்றோடு இறங்கினார். காற்றில் இருக்கும்போது தான் எங்கே இருக்கிறோம், தரை எந்தப் பக்கம் என்கிற உணர்வே போய்விட்டது. ஜிம்னாஸ்டிக்ஸில் அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். நான் டிராக்கை விட்டு இறங்கினால் மானம்தான் போகும், அவர் அந்த நிலையில் இன்னொரு முறை குதித்துத் தலைகுப்புற விழுந்தால் கழுத்து போகும். சின்ன வயசில் தன் அணியின் டாக்டராலேயே பாலியல் கொடுமைக்கு ஆளான பல பெண்களில் அவரும் ஒருவர், அதையும் சுமந்துகொண்டுதான் டோக்கியோவுக்கு வந்தார். ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 3 அன்று, ஒல்லியான கட்டை மேல் ஆடுகிற பேலன்ஸ் பீமில் திரும்ப வந்தார், இறங்கும்போது வழக்கமான சுழற்சியை எடுத்துவிட்டு எளிமையாக மாற்றிக்கொண்டு ஆடி வெண்கலம் வாங்கினார். எனக்குப் பிடித்தது அந்த மாற்றம். எதைச் செய்ய முடியும், எதைச் செய்தால் ஆபத்து என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாங்கள் பழகாத பழக்கம் அது, உள்ளேயிருந்து வருகிற சத்தத்தைக் கேட்பது. 2024-ல் பாரிஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. அணிப் போட்டி அன்று காலையில் தன் மனநல ஆலோசகரிடம் பேசிவிட்டுத்தான் ஆடப்போனேன் என்றார்.

பையன்கள் விஷயம் இன்னும் கஷ்டம். என்னிடம் வருகிற பெண்கள் அழவாவது செய்கிறார்கள். பையன்கள் பிராக்டிஸுக்கு வராமல் நின்றுவிடுவார்கள், கேட்டால் கால் வலி சார் வீட்டில் வேலை சார் என்று மற்ற ஆசிரியரிடம் சொல்லி அனுப்புவார்கள். அவர்களுக்கு நான் விராட் கோலியைச் சொல்வேன். 2014 இங்கிலாந்துத் தொடரில் ஐந்து டெஸ்டில் 134 ரன், சராசரி 13.40. உலகத்திலேயே தனியாக விடப்பட்டவன் மாதிரி இருந்தேன், சுற்றி ஆள் இருந்தார்கள், ஆனால் நான் எதில் கிடக்கிறேன் என்று புரிந்துகொள்கிற, இதற்கென்று படித்த ஒருவர் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு சொன்னார். 2022-ல் ஒரு மாதம் பேட்டையே தொடவில்லை என்றும் அவரே சொன்னார். கோலி பெயரைச் சொன்னால் பையன்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

கோச்சுகளுக்கு ஒன்று சொல்வேன், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். நாம் நோட்டில் டைமிங் எழுதுகிறோம், எடை எழுதுகிறோம். பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று எழுதுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து அந்த நம்பர் விழுந்தால், ஓட்டத்தைக் குறைத்துவிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். நடிக்கிறாள் என்ற வார்த்தையை மட்டும் வாயில் வைக்காதீர்கள். சரி, நம்மால் முடியாத நிலை என்றால் 14416 என்று ஒரு இலவச நம்பர் இருக்கிறது, டெலி மானஸ், அரசாங்கத்துடையது, தமிழிலேயே பேசலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். எங்கள் பள்ளி ஸ்போர்ட்ஸ் ரூம் கதவில் அதைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். பெற்றோர்களும் டைமிங்கைக் கொஞ்ச நாள் கோச்சிடம் விட்டுவிடுங்கள்.

ஜெமிமா அந்த ராத்திரி தன் கூட ஆடுகிறவர்களையும் சொன்னார். அருந்ததி ரெட்டி முன்னால் தினமும் அழுதிருக்கிறேன், ஸ்மிருதி மந்தனா வலைப்பயிற்சியில் எதுவும் பேசாமல் வந்து சும்மா பக்கத்தில் நின்றார், அது போதுமாக இருந்தது என்று. அதைக் கேட்டதும் எனக்கு மொட்டை மாடி ஞாபகம்தான் வந்தது. அந்த அக்காவுக்கு அன்றைக்கே மெசேஜ் போட்டேன், பத்து வருஷத்துக்கு மேல் பேசாமல் இருந்தோம். "பாத்தேண்டி, உன்னைத்தான் நெனச்சேன்" என்று பதில் வந்தது.

இப்போது என் டீமில் ஒரு பெண், நானூறு ஓடுகிறாள், நன்றாக வரக்கூடியவள். மூன்று வாரமாக நோட்டில் நான்கு மணி நேரம், மூன்றரை மணி நேரம் என்றுதான் எழுதியிருக்கிறது. போன வியாழக்கிழமை மற்றவர்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டபோது அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. மண்டலப் போட்டிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, அவள் ஓடினால் ரிலேயில் எங்களுக்கு மெடல் நிச்சயம் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நேற்று அவளிடம் போட்டியைப் பற்றி எதுவும் பேசவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வரட்டுமா என்று மட்டும் கேட்டேன். தலையை ஆட்டினாள். அம்மாவும் என்னுடன் வருகிறேன் என்கிறாள்.